பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எடை குறையும் என்று நம்பி தினமும் நாலு கேன் டயட் கோலா குடிக்கிறேன். இளைத்தபாடில்லை. விட்டுவிடலாமா?

பதில்: சர்க்கரை போட்ட கோலாவை விட்டு இதற்கு வந்தவர் என்றால் லாபம்தான்; 330 மி.லி. கேனுக்கு 35 கிராம் சர்க்கரை மிச்சம். தண்ணீர் குடிக்கிற இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது என்றால் காசுக்குக் கேடு. எடையைக் கட்டுப்படுத்த, டயட் பானங்களில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்புகளை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதமே சொல்லிவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லை. அவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீங்கள் நாலை மூன்றாக்குங்கள், அடுத்த வாரம் இரண்டு. ஒரேயடியாக நிறுத்தினால் காஃபீன் இல்லாமல் தலை பிளக்கும். அந்தத் தலைவலிக்குப் பயந்தே திரும்ப கேனைத் திறப்பவர்கள் உண்டு.

கேள்வி: ஸ்டீவியா போட்டது இயற்கையானதுதானே? எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமா?

பதில்: செடியின் இலையிலிருந்து எடுப்பதுதான், ஆனால் நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன இனிப்புகளில் ஸ்டீவியாவும் இருக்கிறது.

கேள்வி: சர்க்கரை நோய் உள்ள என் அம்மாவுக்கு 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட்ட பழ பானம் வாங்கிக் கொடுத்தேன். ரத்தச் சர்க்கரை எகிறிவிட்டது. நான் படிக்காமல் வாங்கவில்லை.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. நீங்கள் படித்தீர்கள், படிக்கிறவரை ஏமாற்றத்தான் அந்த வரி. தனியாகச் சர்க்கரை கொட்டவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். பழச்சாற்றிலேயே இருக்கிற சர்க்கரை எங்கே போகும்? எனக்கு வயிற்றெரிச்சல் இதில்தான். முன்பக்கம் விளம்பரத்துக்கு, விஷயமெல்லாம் பின்பக்கம், அதுவும் எறும்பு எழுத்தில், வெள்ளிப் பளபளப்பின் மேல் வெளிர் சாம்பலில். அங்கே 'மொத்தச் சர்க்கரை' என்ற வரியைத் தேடுங்கள். 100 மி.லி.க்குப் போட்டிருப்பார்கள், பாட்டில் அளவுக்குப் பெருக்கிப் பார்க்க வேண்டும். இனிப்புகளோ பல சமயம் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும்: 950 என்றால் அசிசல்ஃபேம், 951 ஆஸ்பர்டேம், 955 சுக்ரலோஸ். தொண்டை வறண்டு கடைக்குள் நிற்கிறவர் எண் மனப்பாடம் செய்துகொண்டா வந்திருப்பார்? பேரைப் போட்டால் என்ன குறைந்துவிடும்! மிச்ச பாட்டில்களையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பணம் திரும்பி வராவிட்டாலும் புகாரை எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் இரண்டு பெட்டி டயட் சோடா வாங்கி மாடியில் வைத்தேன். இப்போது இனிப்பே இல்லை. நிறுவனம் ஈடு தருமா?

பதில்: தராது. ஆஸ்பர்டேம் சூட்டில் சிதையும். வெயில் காய்கிற இடத்தில் வைத்தது நீங்கள். தேதி பார்த்தீர்களா என்று கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

கேள்வி: டயட் பானத்தை விட்டுவிடுவதற்காக, வீட்டில் சோடா போடும் இயந்திரம் வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: யோசனை சரி. வெறும் சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கும் ஆசை தீரும், இனிப்புப் பழக்கமும் மெல்ல விடும். நான் வாங்கியது அலமாரி மேல் கிடக்கிறது. அதன் வாயு உருளை தனி மரை. வேறெதுவும் பொருந்தாது, விற்றவர் கடையை மூடிவிட்டார். உருளை எங்கே நிரப்பித் தருவார்கள் என்று கேட்டுவிட்டு, இயந்திரத்தின் விலையை அப்புறம் கேளுங்கள்.