எச்சிவேரியா அழுகுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். கோடையில் ஊட்டிக்குச் சென்றபோது, ரோஜாப்பூப்போல இலைகள் அடுக்கடுக்காக அமைந்த எச்சிவேரியா செடி ஒன்றை வாங்கி வந்தேன். துளையில்லாத பீங்கான் கிண்ணத்தில் நட்டு, படுக்கையறை ஜன்னலோரம் வைத்து, நாள்தோறும் இரண்டு தேக்கரண்டி தண்ணீர் விடுகிறேன். சில மாதங்களில் தண்டு நீண்டு அடுக்கு கலைந்துவிட்டது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து அடியிலைகள் கண்ணாடிபோல் ஆகித் தொட்டாலே உதிர்கின்றன. செடியைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: நுனியில் உள்ள இலைகள் இன்னும் கெட்டியாக இருந்தால் காப்பாற்றலாம், ஆனால் அதை இன்றே தொடங்க வேண்டும். அடியிலை காகிதம்போல் காய்ந்து உதிர்வது இச்செடிக்கு இயல்பு, அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. இலை நீர்கோத்து, ஒளி ஊடுருவும்படி ஆவதோ வேரிலும் தண்டிலும் அழுகல் பிடித்திருப்பதன் அறிகுறி.

செடியைக் கிண்ணத்திலிருந்து எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்த கூரிய கத்தியால் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டுவாயில் பழுப்பு வளையமோ கரும்புள்ளியோ தெரிந்தால், பச்சை அல்லது வெளிர் நிறம் மட்டும் தெரியும்வரை சிறிது சிறிதாக மேலே வெட்டிக்கொண்டே போக வேண்டும். இரக்கப்பட்டு ஒரு புள்ளியை விட்டுவைத்தாலும் அழுகல் அங்கிருந்து மீண்டும் ஏறிவிடும். பிறகு அடியிலைகள் சிலவற்றை நீக்கி, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வெறும் தண்டு இருக்கும்படி செய்து, காற்றோட்டமான நிழலில் நான்கைந்து நாள் உலரவிடுங்கள். வெட்டுவாய் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே உலர்ந்த மண்கலவையின் மேல் நிறுத்தலாம். மூன்று, நான்கு வாரங்களில் வேர் பிடிக்கத் தொடங்கும், அதுவரை தண்ணீர் வேண்டாம். நீக்கிய இலைகளில் அடிப்பகுதி முழுதாக இருப்பவற்றை மண்மேல் கிடத்தி வைத்தால், அவற்றிலிருந்தும் குட்டிச் செடிகள் முளைக்கும்.

இனி, ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் பார்ப்போம். எச்சிவேரியா இனங்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டுத் தாவரங்களை ஓவியமாகத் தீட்டிய அத்தனாசியோ எச்சிவேரியாவின் பெயரையே 1828இல் இப்பேரினத்துக்குச் சூட்டினார்கள். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்க, இவை நீர் ஆவியாகிவிடாமலிருக்கப் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து வாயுவை வாங்கி, அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகின்றன. இந்த ஏற்பாடு குளிர்ந்த இரவுகளுக்கே உரியது. சென்னையின் வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த இரவுகளில் செடியின் வளர்ச்சி மந்தமாகி, அது நீரை உறிஞ்சுவதும் குறைந்துவிடுகிறது. துளையற்ற கிண்ணத்தில் நீங்கள் ஊற்றிய இரண்டு தேக்கரண்டி தண்ணீருக்கு வெளியேற வழியில்லாமல், வேரைச் சுற்றிப் பூஞ்சைக்கு ஏற்ற ஈரமாக அது நின்றுவிட்டது. ஊட்டியில் செழித்த செடி இங்கே வாடுவதற்கு முதன்மையான காரணம் இதுவே என்பது என் கருத்து.

ஆகவே அடுத்த முறை, அகலமான துளையுள்ள சிறிய மண்தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். கடையில் வாங்கும் கலவைகளில் தேங்காய் நார்க்கழிவு மிகுதியாக இருப்பதால், மழைக்காலத்தில் பல நாள் நனைந்தே இருக்கும். அதற்குப் பதிலாக, பயறளவுக்கு உடைத்து, தூசு போகச் சலித்த செங்கல் துண்டும் பருமணலும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு, செம்மண்ணும் மண்புழு உரமும் சேர்ந்து ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளலாம். தண்ணீரைத் தேக்கரண்டியால் அளந்து தினமும் விடாதீர்கள். துளை வழியே வழியும்வரை ஒரே முறையாக ஊற்றிவிட்டு, மண் அடிவரை காயும்வரை காத்திருங்கள். ஊதுவத்திக் குச்சியைத் தொட்டியின் ஆழம்வரை செருகி எடுத்துப் பாருங்கள். ஈரமண் ஒட்டாமல் வந்து, அடியிலையும் அழுத்தினால் சற்றுத் தளர்ந்திருந்தால் அதுவே தண்ணீருக்கான நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த நேரம் வர மூன்று வாரம்கூட ஆகலாம். செடியை மழை படாத இடத்தில் வைப்பது கட்டாயம்.

தண்டு நீண்டது ஒளி போதாமையால். நீண்ட தண்டு மீண்டும் குறுகாது. வெட்டி வேர்பிடிக்க வைத்த நுனி மட்டுமே நல்ல வெளிச்சத்தில் மறுபடி நெருங்கி அடுக்காகும். கிழக்குப் பார்த்த பால்கனியில் மூன்று, நான்கு மணி நேரம் காலை வெயில் கிடைத்தால் போதுமானது. நிழலில் இருந்த செடியை ஒரேயடியாக வெயிலுக்கு மாற்றினால் இலை வெந்து, தழும்பு நிலைத்துவிடும் என்பதால், இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழக்குங்கள்; கத்திரி வெயிலில் பச்சை நிழல்வலையின் கீழ் வைப்பது நல்லது.

சாம்பல் பூசணியின் மேலுள்ளதுபோல் எச்சிவேரியாவின் இலைமீதும் வெண்பூச்சு இருக்கும். அது மெழுகு, வெயிலிலிருந்து காக்கும் திரை. விரலாலோ துணியாலோ துடைத்தால் அந்த இலையில் மீண்டும் சரியாக உருவாகாது. மாவுப்பூச்சி தென்பட்டால் வேப்பெண்ணெய் தெளிப்பது வழக்கம். ஆனால் எண்ணெய் இந்தப் பூச்சைக் கெடுத்துவிடுவதால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பூச்சியை மட்டும் தொட்டு எடுப்பதையே நான் விரும்புகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் செடி தேறாமல் போனால், உங்கள் ஜன்னலுக்கு ஹவோர்த்தியாவை வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் பாறை இடுக்குகளிலும் புதர் நிழலிலும் வளரும் அதற்கு மங்கலான ஒளியே போதும். இலையடுக்கின் அழகும் குறையாது.