ஸ்டேஷனில் சமாதானம் ஆனால் வழக்கு முடிந்துவிட்டதா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். 2019-ல் நான் பிளஸ் டூ படித்தபோது கிரிக்கெட் மேட்சில் தகராறு வந்து கைகலப்பாகிவிட்டது. என்னையும் சேர்த்து ஐந்து பேர் மீது புகார் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசி, ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டோம். இப்போது ஊட்டியில் ஒரு தங்கிப் படிக்கும் பள்ளியில் விடுதி உதவியாளர் வேலை கிடைக்கும்போல இருக்கிறது. போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கிறார்கள். 8,000 ரூபாய் கொடுத்தால் என் பெயரை எடுத்துவிட்டுச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? விண்ணப்பத்தில் 'வழக்கு ஏதும் உண்டா' என்ற இடத்தில் என்ன எழுதுவது?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முதலில் அந்த ஆளைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் நீலகிரியில் இந்த வேலையைச் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

வெரிஃபிகேஷனுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். தனிநபருக்குக் கட்டணம் 500 ரூபாய், நிறுவனம் விண்ணப்பித்தால் 1,000. பணத்தையும் ஆன்லைனில்தான் கட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் ஏறிய பெயரை எடுக்கும் அதிகாரம் ஸ்டேஷனில் யாருக்கும் கிடையாது. அப்படியானால் அந்த 8,000 எதற்கு? ஒன்று, உங்கள் பெயரில் எதுவுமே இல்லை என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்வார். இல்லையென்றால் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு போலிச் சான்றிதழ் அடித்துக் கொடுப்பார். அது அசல்தானா என்று பள்ளிக்கூடம் ஆன்லைனிலேயே பார்த்துவிட முடியும். போலி ஆவணம் என்று தெரிந்தே அதைக் கொடுப்பது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 340-ம் பிரிவில் குற்றம். ஒன்றுமில்லாத இடத்தில் புது வழக்கு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வீர்கள்.

இன்னொரு யோசனையும் சொல்வார்கள்: 'திருப்பூரில் இருக்கும் மாமா வீட்டு முகவரியைக் கொடு, அந்த ஸ்டேஷனுக்கு உன்னைத் தெரியாது'. அதையும் கேட்காதீர்கள். இப்போது எல்லா ஸ்டேஷன் பதிவுகளும் கணினியில் இணைந்திருக்கின்றன. வழக்கு எப்படியும் தெரிந்துவிடும், முகவரியில் சொன்ன பொய்யும் சேர்ந்து தெரியும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு ஸ்டேஷனில் ஒரு காகிதம் கொடுத்திருப்பார்கள். வீட்டில் பழைய ரேஷன் கார்டு, மார்க் ஷீட் வைத்திருக்கும் கவரில் தேடிப் பாருங்கள். அதில் 'சி.எஸ்.ஆர். எண்' என்று இருந்தால், அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. அதோடு நின்றிருந்தால் வழக்கே பதியவில்லை. பெரியவர்கள் பேசி முடித்ததோடு விஷயம் முடிந்தது. 'வழக்கு இல்லை' என்று தைரியமாக எழுதலாம்.

'குற்ற எண்' என்று போட்டு, கீழே அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) என்று பிரிவுகள் இருந்தால் அது எஃப்.ஐ.ஆர். தகாத வார்த்தை, கையால் அடித்தது, மிரட்டியது. கைகலப்பு வழக்குகளில் இந்த மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு ஸ்டேஷனில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும் வழக்கு முடியாது. முடிக்க வேண்டியது நீதிமன்றம். 323-ஐயும் 506(1)-ஐயும் புகார் கொடுத்தவர் சம்மதித்தால் கோர்ட்டில் சமாதானமாக முடிக்கலாம், 294(பி)-யை அப்படி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஸ்டேஷனில் 'எல்லாம் முடிஞ்சுது, போங்க' என்று அனுப்பிவைத்த வழக்கு கோர்ட்டில் உயிரோடு இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

காகிதம் கிடைக்கவில்லையா? இ-கோர்ட்ஸ் செயலியில் மாவட்டம் நீலகிரி, கோர்ட் கோத்தகிரி என்று போட்டு உங்கள் பெயரைத் தேடுங்கள், காசு இல்லை. ஆங்கிலத்தில் பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள், இனிஷியலை முன்னால் போட்டும் பின்னால் போட்டும். அங்கேயும் இல்லையென்றால் எஸ்.பி. அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

போலீசே மேல்நடவடிக்கையைக் கைவிட்டிருந்தாலும் சரி, கோர்ட்டில் விடுதலை ஆகியிருந்தாலும் சரி, அந்த உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தீர்ப்பு வந்து வருடக்கணக்கான பிறகும் காவல்துறைப் பதிவில் 'விசாரணையில்' என்றே கிடக்கும். கோர்ட்டும் ஸ்டேஷனும் ஒரே தெருவில் இருந்தாலும் ஒரு தாள் இங்கிருந்து அங்கே போய்ச் சேருவதில்லை. அதனால் வேலையை இழப்பது உங்களைப் போன்ற பிள்ளைகள். எனக்கு இது பொறுக்கவில்லை, ஆனால் இன்றைய நிலைமை இதுதான். வழக்கு முடியாமல் அப்படியே கிடந்தால் உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். நமக்குச் சென்னை, கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளை.

அப்புறம், கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐநூறோ ஆயிரமோ கட்டினீர்களா என்று வீட்டில் கேளுங்கள். 'அபராதம் கட்டியாச்சு, கேஸ் க்ளோஸ்' என்று பலர் நினைக்கிறார்கள். கோர்ட் விதித்த அபராதம் என்றால் தண்டனை பெற்றதாகத்தான் அர்த்தம். ஹெல்மெட்டுக்கு ரோட்டில் கட்டும் அபராதம் இதில் சேராது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒரு வரி. 'பிளஸ் டூ படித்தபோது' என்கிறீர்கள். சம்பவ தினத்தில் உங்களுக்கு 18 முடிந்திருந்ததா? முடியவில்லை என்றால் மேலே சொன்னது பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவுப்படி, சிறுவயதில் செய்த இப்படிப்பட்ட குற்றத்தால் எந்தத் தகுதிக் குறைவும் வராது. அதைவிட முக்கியம் 74-வது பிரிவு: முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றிதழுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது. கணக்கில் எடுப்பது சம்பவம் நடந்த நாளின் வயதைத்தான், தீர்ப்பு நாளின் வயதை அல்ல. 18-க்கு ஒரு நாள் குறைந்திருந்தாலும் போதும்.

எஃப்.ஐ.ஆரில் உங்கள் வயதை '19' என்று எழுதியிருக்கலாம். பையன் உயரமாக இருந்தால் ஆளைப் பார்த்து எழுதிவிடுவார்கள், கூட இருந்த நால்வரும் பெரியவர்கள் என்றால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். அது செல்லாது. சட்டம் முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை. இங்கே ஒரு சங்கடம்: சீக்கிரம் பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டி, ஜூன் 1 என்று தேதி கொடுத்த குடும்பங்கள் நம் மலையில் நிறைய. பிறப்புச் சான்றிதழில் வேறு தேதி இருந்தாலும் பள்ளித் தேதிக்குத்தான் முதல் இடம். உங்களுடையது எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். 18 ஆகவில்லை என்றால், அதை எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட, நீதிமன்றத்தில் எழுப்பலாம். விஷயம் சிறுவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

விண்ணப்பத்தில் கேள்வியை எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள். 'தண்டனை பெற்றதுண்டா' என்பது வேறு, 'வழக்கு எப்போதாவது இருந்ததா' என்பது வேறு. கேட்டதற்கு மட்டும் உண்மையாகப் பதில் எழுதுங்கள். அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: இளம் வயதில் நடந்த சில்லறை வழக்கை மறைத்திருந்தாலும் வேலை தருபவர் அதை மன்னிக்கலாம், கேட்காத விஷயத்தைச் சொல்லவில்லை என்று குற்றம் பிடிக்க முடியாது. அது அரசு வேலை பற்றிய தீர்ப்பு, தனியார் பள்ளி தன் விருப்பப்படி முடிவெடுக்கலாம். ஆனாலும் மறைத்துப் பிறகு பிடிபட்டவரை எந்தத் தலைமையாசிரியரும் பிள்ளைகள் தூங்கும் விடுதியில் வைத்திருக்க மாட்டார். பள்ளியையும் கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு ஊழியரையும், ஒப்பந்தப் பணியாளர் உட்பட, சரிபார்க்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன. அந்த விதி தேவையானது என்பதே என் கருத்து.

18 முடிந்திருந்து, எஃப்.ஐ.ஆரும் இருந்து, படிவத்தில் வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தால், எழுத இடம் போதாவிட்டாலும் ஒரு தனித்தாளில் நான்கு வரி எழுதுங்கள்: எந்த ஆண்டு, என்ன தகராறு, குற்ற எண், இப்போது என்ன நிலை. உத்தரவு நகலைப் பின் செய்து கொடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள்.