பிர்ச் மரச் சிலுவை நின்ற இடம் எது?

கேள்வி: நான் ஜெர்மனியின் டார்ட்முண்ட் நகரில் மகள் குடும்பத்தோடு வசிக்கிறேன். என் சம்பந்தியம்மாவுக்கு 84 வயது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, ஜெர்மானியக் காலாட்படையில் இருந்த அவருடைய தந்தை, 1942 ஆகஸ்டில் ரஷ்யாவின் ரிஷெவ் நகருக்கு அருகே இறந்துவிட்டார். கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவின் தலைவர் எழுதிய ஒரு கடிதம், பிர்ச் மரச் சிலுவை நட்ட புதைமேட்டின் புகைப்படம், ஐந்து இலக்கக் களத் தபால் எண்ணுடன் சில உறைகள் ஆகியவையே வீட்டில் எஞ்சியிருக்கின்றன. "அப்பா எங்கே கிடக்கிறார் என்று தெரிந்தால் போதும்" என்கிறார். மருமகனுக்கு நேரமில்லை, நான் ஓய்வு பெற்றவன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

சம்பந்தி வீட்டுக் காரியத்தை உங்கள் வீட்டுக் காரியமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: அவர் இறந்த இடம், முதலில் புதைக்கப்பட்ட இடம், இன்று அவருடைய எலும்புகள் இருக்கும் இடம் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு ஊர்களாக இருக்கக்கூடும். குடும்பங்கள் பலவும் குழம்பிப்போவது இம்மூன்றையும் ஒன்றென்று எண்ணுவதால்தான். களத்தில் காயம்பட்டவர் பின்னணியிலிருந்த சிகிச்சை நிலையத்துக்கோ கள மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லப்பட்டு அங்கே இறந்தால், இறப்புப் பதிவில் அந்த மருத்துவமனை இருந்த ஊரே எழுதப்பட்டிருக்கும். அவரை அடக்கம் செய்ததும் அதன் அருகிலாகவே இருக்கும்.

முதல் வேலையைக் கட்டணமின்றி வீட்டிலிருந்தே செய்யலாம். 1919 இல் நிறுவப்பட்ட, காசெல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஃபோல்க்ஸ்புண்ட்' என்னும் போர்க் கல்லறைப் பராமரிப்புச் சங்கம், வெளிநாடுகளில் உள்ள ஜெர்மானியப் படைவீரர் கல்லறைகளைப் பேணிவருகிறது. அதன் இணையதளத்தில் லட்சக்கணக்கான பெயர்களைத் தேடும் வசதி உண்டு. குடும்பப் பெயரை மட்டும் இட்டால் ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் வந்து நிற்பார்கள். ஆளை உறுதிசெய்வது பிறந்த தேதிதான். பெயரில் புள்ளியிட்ட உயிரெழுத்தோ இரட்டை எஸ் ஒலிக்கான தனி எழுத்தோ இருந்தால், அதை வேறு விதமாக எழுதியும் தேடிப் பாருங்கள், ஏனெனில் போர்க்காலத்து எழுத்தர்கள் அவசரத்தில் காதில் விழுந்தபடி எழுதிவைத்தவை ஏராளம்.

பெயர் கிடைத்ததும் மகிழ்ச்சியில் பக்கத்தை மூடிவிடாமல், பெயருக்குக் கீழே உள்ள வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். 'எண்ட்கிராப்லாகெ' என்ற சொல்லும் அதையடுத்துத் தொகுதி, வரிசை, கல்லறை எண்களும் இருந்தால் அவர் அடையாளம் காணப்பட்டு நிரந்தரக் கல்லறைக்கு மாற்றப்பட்டுவிட்டார் என்று பொருள். நீங்கள் தேடும் விடை அதுவே. அவர் இன்னும் சங்கத்தின் கல்லறைக்கு மாற்றப்படவில்லை என்று இருந்தால், முதலில் புதைத்த ஊரின் பெயரை அதிலேயே கொடுத்திருப்பார்கள். எலும்புகளைத் தோண்டி எடுக்க முடியவில்லை என்பது வேறு. பெயர் தெரியாதவராக மாற்றப்பட்டிருக்கலாம் என்பது வேறு. கடைசியாகச் சொன்னதில், அவர் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருக்க வாய்ப்புண்டு, ஆனால் எந்தக் கல்லின் கீழ் என்று எவராலும் சொல்ல முடியாது. இந்த நான்கையும் மருமகன் போகிற போக்கில் "அங்கேதான் புதைத்திருக்கிறார்கள்" என்று ஒன்றாக மொழிபெயர்த்துவிடும் அபாயம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இரண்டாவது கதவு பெர்லினில் உள்ளது. போர் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், 1939 ஆகஸ்டில், படையினரின் இழப்புகளைப் பதிய ஒரு தகவல் நிலையம் அமைக்கப்பட்டது. 'வாஸ்ட்' என்ற சுருக்கப் பெயரால் ஜெர்மானியர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். அதன் ஆவணங்கள் போரில் தப்பிப் பிழைத்தன. 2019 ஜனவரி முதல் அவை 'புண்டஸ்ஆர்ஷீவ்' எனப்படும் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. படைவீரர்களைப் பற்றிய 1 கோடியே 80 லட்சம் அட்டைகளுக்கு மேல் அங்கே உள்ளன. எந்தப் படைப்பிரிவில் எப்போது இருந்தார், எங்கே காயம்பட்டார், எப்போது எப்படி இறந்தார், எங்கே புதைத்ததாக அறிவிக்கப்பட்டது ஆகியவற்றை அவற்றிலிருந்து எழுதித் தருவார்கள். விண்ணப்பத்தைச் சம்பந்தியம்மாவின் பெயரிலேயே அனுப்புவது நல்லது. மகள் கேட்பதற்கும் மகளின் சம்பந்தி கேட்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா? பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், மற்ற தேடல்கள் முடியட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

அங்கிருந்து வரும் பதிலில் அடையாளத் தகட்டின் எழுத்துகளும் இருக்கும். அந்த நீள்வட்டத் தகட்டில் பெயர் கிடையாது. அதைக் கொடுத்த படைப்பிரிவும் வரிசை எண்ணும், பலவற்றில் இரத்த வகையும் இருக்கும். நடுவில் துளைக்கோடு இட்டிருப்பார்கள். வீரர் இறந்ததும் ஒரு பாதியை உடைத்து எடுத்துக்கொண்டு, மறு பாதியை உடலோடு விட்டுவிடுவார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத் தோண்டும்போது பெயரை மீட்டுத் தருவது பெரும்பாலும் இந்த அரைத் தகடுதான். பதக்கங்களுக்காகவும் தகடுகளுக்காகவும் புதைகுழிகளைக் களவாகத் தோண்டி விற்கிறவர்கள் ஒரு மனிதரின் பெயரையே திருடிச் சென்றுவிடுகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: தகட்டில் உள்ளது அவர் முதலில் சேர்ந்த பிரிவு, பெரும்பாலும் ஒரு பயிற்சிப் பிரிவு, இறந்தபோது இருந்த பிரிவை அதைக் கொண்டு முடிவுசெய்யக் கூடாது. அதற்குத்தான் உங்களிடம் உள்ள உறைகள் உதவும். களத் தபால் எண் என்பது படைப்பிரிவின் பெயரை மறைப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. எந்தக் காலத்தில் எந்த எண் எந்தப் பிரிவுக்கு உரியது என்ற பட்டியல்கள் இப்போது கிடைக்கின்றன. ஒரே எண் பின்னாளில் வேறு பிரிவுக்கு மாறியதும் உண்டு என்பதால், 1942 கோடைக்கால உறைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனித் தலைவரின் கடிதத்தைப் பற்றிச் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். "தலையில் குண்டு பட்டு, வலியறியாமல் அக்கணமே உயிர் துறந்தார்" என்பது போன்ற வரி அதில் இருந்தால், அது உண்மையாகவும் இருக்கலாம், ஒரு விதவைக்கு எழுதும்போது கைவந்த ஆறுதலாகவும் இருக்கலாம். இத்தகைய கடிதங்களில் அந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே சாவு எப்படி நேர்ந்தது என்பதற்கு அதை நம்பாதீர்கள். ஆனால் தேதிக்கும் ஊர்ப் பெயருக்கும் புதைத்த இடத்துக்கும் அது நல்ல சான்று. ஊர்ப் பெயர் ஜெர்மானியக் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்டிருக்கும் என்பது ஒரு சிக்கல். நம்மூர்ப் புத்தூர்களைப் போல ரஷ்யாவில் நிகோல்ஸ்கோயே, பெட்ரோவோ போன்ற பெயர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருப்பது இன்னொரு சிக்கல். 1942 ஜூலை 30 அன்று சோவியத் படைகள் ரிஷெவுக்கு வடக்கே பெருந்தாக்குதலைத் தொடங்கின; ஆகஸ்ட் முழுவதும் அடைமழையில் அந்தப் போர் நீடித்தது. அங்கிருந்த கிராமங்கள் பல தரைமட்டமாகிப் பிறகு எழவேயில்லை. எனவே இன்றைய வரைபடத்தில் ஊர் அகப்படாவிட்டால் சோர்ந்துவிடாமல், போர்க்கால ராணுவ வரைபடத்தில் தேடுங்கள்.

1943 மார்ச்சில் ஜெர்மானிய 9ஆம் படை ரிஷெவை விட்டுப் பின்வாங்கியது. அதன் பிறகு அந்தச் சிலுவைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. படையெடுத்து வந்து ஊரை அழித்தவர்களின் புதைமேடுகளை ஊர்க்காரர்கள் பேண வேண்டும் என்று எதிர்பார்க்கவும் நியாயமில்லை. 1992 டிசம்பரில் ஜெர்மனியும் ரஷ்யாவும் போர்க் கல்லறைகள் குறித்து ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னரே சங்கத்தினர் அங்கே முறையாகத் தேடித் தோண்ட முடிந்தது. கிழக்கு ஐரோப்பா முழுவதிலுமாக 9 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அவர்கள் மாற்றி அடக்கம் செய்திருக்கிறார்கள். ரிஷெவில் 2002 இல் திறக்கப்பட்ட ஜெர்மானியக் கல்லறை, சோவியத் வீரர்களின் கல்லறைக்கு அருகிலேயே அமைந்திருக்கிறது. உங்கள் சம்பந்தியின் தந்தை மாற்றப்பட்டிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்க வேண்டும். ஜெர்மனியில் சாதாரணக் கல்லறை இடம் 20, 30 ஆண்டுகளுக்குத்தான் குத்தகை, பிறகு வேறொருவருக்குப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போர்க் கல்லறைகளுக்கு அந்தக் கணக்கு இல்லை. நேரில் போக முடியாத குடும்பத்தார் கல்லறையின் புகைப்படம் கிடைக்குமா என்று சங்கத்திடமே விசாரிக்கலாம்.

இடையில் செய்யக்கூடிய சிறு வேலை ஒன்று உண்டு. படைவீரர் இறந்த செய்தி அவர் கடைசியாக வசித்த ஊரின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே இறப்புப் பதிவேட்டில் எழுதப்படுவது வழக்கம். 30 ஆண்டு கடந்த இறப்புப் பதிவேடுகள் நகர ஆவணக் காப்பகங்களுக்கு வந்துவிடுவதால், நகலைப் பெறுவது கடினமல்ல.

சம்பந்தியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஒன்றும் இருக்கிறது. படைப்பிரிவின் பெயர் தெரிந்தவுடன், அந்தப் பிரிவு ரஷ்யக் கிராமங்களில் என்ன செய்தது என்ற கேள்வியும் கூடவே வரும். எங்கே புதைத்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வதா, மேலே படிப்பதா என்பதை அவரே முடிவுசெய்யட்டும். நீங்களோ மருமகனோ அவருக்காக மறைக்கவும் வேண்டாம், அவர் கேளாமல் கொட்டவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி. படைகளில் கல்லறைப் பதிவுக்கென்றே அதிகாரிகள் இருந்தார்கள். புதைமேட்டின் படத்தைக் குடும்பத்துக்கு அனுப்பும்போது ஊரின் பெயரையும் கல்லறை எண்ணையும் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து அனுப்புவதுண்டு. அந்தப் புகைப்படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பார்த்தீர்களா?