ஐட்லிங்கில் பெட்ரோல் பிரஷர் 2.2 காட்டினால் பம்ப் போய்விட்டதா?

கேள்வி: அப்பச்சி 2003-ல் வாங்கிய மாருதி எஸ்டீம் பெட்ரோல் கார் கானாடுகாத்தான் வீட்டில் நிற்கிறது. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். நோன்பு, படைப்பு, பங்காளி வீட்டுக் கல்யாணம் என்று ஊருக்கு வரும்போதுதான் அதை எடுப்போம். இப்போதெல்லாம் காலையில் செல்ஃப் நீளமாக அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஊருக்குள் ஒழுங்காக ஓடுகிறது. திருமயம் தாண்டி 80-ஐத் தொட்டால் இழுவை போய், தூக்கித் தூக்கிப் போடுகிறது. காரைக்குடியில் ஒரு மெக்கானிக் பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்து, "வண்டி நின்னு ஐட்லிங்ல ஓடும்போது 2.2 கிலோதான் காட்டுது, 3 இருக்கணும், பம்ப் வீக்" என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த மெக்கானிக் கேஜ் போட்டுப் பார்த்தாரே, அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். பின் சீட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் கம்மியா இருக்கு" என்று பம்ப்பை மாற்றுபவர்கள்தான் அதிகம். ஆனால் எந்த நிலையில் பார்த்தார் என்பதில்தான் சிக்கல்.

உங்கள் 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) இன்ஜினுக்கு சுசுகி கொடுத்திருக்கும் அளவு இது. இன்ஜின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது 2.7 முதல் 3.1 கிலோ (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு). ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, 2.1 முதல் 2.6. ஆஃப் செய்து ஒரு நிமிடத்துக்குள் பார்த்தால் 2-க்கு மேல் நிற்க வேண்டும். கேஜில் பிஎஸ்ஐ மட்டும் இருந்தால், 2.7 முதல் 3.1 என்பது ஏறக்குறைய 38 முதல் 44. ஆக, ஐட்லிங்கில் 2.2 வந்தது குறைவே இல்லை.

ஐட்லிங்கில் ஏன் குறைகிறது? பெட்ரோல் பிரஷரை அளவாக வைக்கும் ரெகுலேட்டரின் தலையில் ஒரு சின்ன வேக்குவம் ஓஸ் இருக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயில்) வேக்குவம் அதிகம். அது ரெகுலேட்டரை இழுத்து, கூடுதல் பெட்ரோலை ரிட்டர்ன் லைனில் டேங்க்குக்கே அனுப்பிவிடும். மிதித்தால் வேக்குவம் குறையும், பிரஷர் ஏறும். இதைச் சோதிக்க, ஐட்லிங்கில் அந்த ஓஸைக் கழற்றச் சொல்லுங்கள். முள் அரை கிலோ அளவுக்கு மேலே போக வேண்டும். கழற்றிய ஓஸை மோந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. பிறகு ரெகுலேட்டருக்கு வேறு சோதனையே தேவையில்லை, அதை மாற்ற வேண்டியதுதான்.

சரி, உங்கள் வண்டியின் நோய் 80-ல்தானே வருகிறது? அப்படியானால் அளவும் 80-ல்தான் எடுக்க வேண்டும். நீளமான ஹை பிரஷர் ஓஸ் உள்ள கேஜை பெட்ரோல் லைனில் டி-ஜாயிண்ட் போட்டு மாட்டி, பானெட் இடுக்கு வழியாக வெளியே கொண்டுவந்து, வைப்பருக்குக் கீழே கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். காருக்குள் மட்டும் கொண்டுவரக் கூடாது, அதில் இருப்பது பெட்ரோல். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் முள்ளைப் பார்க்கட்டும். திருமயம் ரோட்டில் நான்காவது கியரில் அழுத்தி மிதிக்கும்போது முள் 2.7-க்கு மேலே போய் அங்கேயே நின்றால் பெட்ரோல் ஒழுங்காக வருகிறது. அப்போதும் வண்டி தூக்கிப் போட்டால் பிளக் வயர், காயில், அடைத்த சைலன்சர், ஏர் ஃபில்டர் என்று வேறு பக்கம் தேட வேண்டும். மாதக்கணக்கில் பூட்டிய வீட்டில் நிற்கும் கார் என்பதால், ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

மாறாக, மிதிக்க மிதிக்க முள் 2, 1.5 என்று இறங்கினால் பெட்ரோல் போதவில்லை. அப்போதும் பம்ப்தான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது.

நான் முதலில் சந்தேகப்படுவது பெட்ரோல் ஃபில்டரை. கழற்றிய பழைய ஃபில்டரில் மீதி இருக்கும் பெட்ரோலை, உள்ளே வரும் வாய் வழியாகவே ஒரு வெள்ளை எனாமல் கிண்ணத்தில் கவிழ்த்துப் பாருங்கள். உங்கள் செட்டிநாட்டு வீடுகளில் எனாமலுக்கா பஞ்சம்! (அப்புறம் அந்தக் கிண்ணம் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது.) செம்பழுப்புத் துகள் அடியில் படிந்தால் டேங்க் உள்ளே துரு. அடியில் தனியாக நீர் போலத் திரண்டு நின்றால் தண்ணீர். இப்போது பங்க்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க்கில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த கசடையும் கிளறிவிடும். மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் பழைய காருக்கு இரண்டும் ஆகாது. ஃபில்டரில் துரு வந்தால், டேங்க்குக்குள் பம்ப்பின் வாயில் இருக்கும் சல்லடையிலும் அதே துரு இருக்கும்.

அடுத்தது கரண்ட். பம்ப்புக்கு வோல்ட் குறைந்தால் வேகம் குறையும், அதோடு பெட்ரோலும் குறையும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து, பம்ப் கனெக்டரில் 12-க்குக் கீழே வந்தால் குற்றம் வயரிங்கில். ரிலே கருகியிருக்கலாம், எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கலாம், எலி பாதி கடித்து விட்ட வயராகவும் இருக்கலாம். கனெக்டர் மாட்டியிருக்கும்போதே பின்பக்கமாக முனையை வைத்து அளக்க வேண்டும். கழற்றி வைத்து அளந்தால், ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரில்கூட முழு வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும்.

பிறகு ரிட்டர்ன் லைன். ஐட்லிங்கில் ரிட்டர்ன் ரப்பர் ஓஸைத் துணி சுற்றி, பிளையரால் ஓரிரு நொடி மட்டும் நசுக்கினால், நல்ல பம்ப் என்றால் முள் சட்டென்று 4-ஐத் தாண்டும். உடனே விட்டுவிட வேண்டும். அப்படித் தாண்டியும் சாதாரணமாக ஓடும்போது பிரஷர் குறைவாகவே இருந்தால் ரெகுலேட்டர் வழியே பெட்ரோல் திரும்பி ஓடுகிறது. நசுக்கியும் முள் ஏறவில்லை, ஃபில்டர் புதிது, வோல்ட்டும் சரி என்றால்தான் பம்ப்பும் அதன் சல்லடையும். வெடிப்பு விட்ட பழைய ஓஸாக இருந்தால் நசுக்காதீர்கள், முதலில் ஓஸை மாற்றுங்கள்.

செலவே இல்லாத ஒரு சோதனையும் உண்டு. ரோட்டில் இழுவை போகும் நேரத்தில் ஓரமாக நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று பலமாகக் காற்று உள்ளே போய், அதன் பிறகு கொஞ்ச தூரம் வண்டி நன்றாக ஓடினால் மூடியின் வால்வு அடைத்திருக்கிறது.

காலை ஸ்டார்ட்டிங் தொல்லை தனிக் கதையாகவும் இருக்கலாம். முதல் நாள் ஓட்டி நிறுத்திய காரில், மறுநாள் காலை சாவியை ஆன் செய்து பம்ப்பின் 'ம்ம்' சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் அடியுங்கள். உடனே பிடித்தால் இரவில் லைனில் பிரஷர் வடிந்துவிடுகிறது. பம்ப்பின் செக் வால்வு (பெட்ரோல் திரும்பி வடியாமல் தடுப்பது), ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. ஒரு மாதம் நின்ற காரை வைத்து இதைச் செய்தால் எதுவும் தெரியாது. அத்தனை நாளில் எந்தக் காரிலும் பிரஷர் வடியும். பழைய பெட்ரோலும் சட்டென்று பற்றாது.

எந்த லைனைக் கழற்றுவதற்கு முன்னும் பம்ப் ரிலேயை உருவிவிட்டு, இன்ஜின் தானாக அணையும் வரை ஓட விட்டு, பேட்டரி வயரையும் கழற்றச் சொல்லுங்கள். வேலை கார் செட்டுக்குள் வேண்டாம், வெளியே காற்றோட்டமாக நடக்கட்டும். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது.

உங்கள் ஊரில் இன்னும் சில வீடுகளில் அம்பாசிடரும் நிற்கும். கார்புரேட்டர் வண்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதன் மெக்கானிக்கல் பம்ப் தருவதே கால் கிலோ அளவுதான். வெயிலில் அது நின்றுபோனால், பழைய டிரைவர்கள் செய்வது போல பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள்.

கடைசியில் பம்ப்தான் என்று உறுதியானால், டேங்க்கை இறக்கும் அந்தக் கூலியிலேயே சல்லடை, எத்தனால் தாங்கும் புது ஓஸ், கிளிப் எல்லாவற்றையும் மாற்றி, டேங்க்கையும் கழுவிவிடுங்கள். துரு டேங்க்கில் புது பம்ப்பைப் போட்டால் அடுத்த நோன்புக்குள் அதுவும் அடைத்துக்கொள்ளும்.