வாயைத் திறந்து தூங்கும் பிள்ளை

உங்கள் 8 வயது மகனின் மேல் முன்பற்கள் விரிந்து, நடுவே சந்து விழுந்திருப்பதாகக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை வயதுவரை புட்டிப்பால் கொடுத்ததால்தான் அவன் பல்வரிசை கெட்டுப்போனது என்று உங்கள் மாமியார் சொல்வது தவறு. அதை நினைத்து நீங்கள் அழ வேண்டியதில்லை. 8 வயதில் மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து, நடுவே சந்து விழுவது இயல்பு. ஈறுக்குள் இருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பல்வேர்களை நெருக்குவதால் வருவது அது. 11, 12 வயதில் அவை இறங்கும்போது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

அப்பாவின் தெத்துப்பல் மகனுக்கும் வரலாம். தாடையின் அளவும் பல்லின் அளவும் பரம்பரை. அதற்காக இப்போது கம்பி போட ஓட வேண்டாம். பால் கடைவாய்ப்பற்களில் சொத்தை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'விழப்போகிற பல்தானே' என்று முன்கூட்டியே பிடுங்கிவிட்டால், பின்னாலுள்ள நிலைப்பல் நகர்ந்து வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்குக் கவலை தந்தது உங்கள் கடிதத்தின் கடைசி வரி: 'வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவான், குறட்டையும் உண்டு.' இதை நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். வாயை மூடியிருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் படிந்து, பல்வரிசையை உள்ளிருந்து தாங்குகிறது. வெளியிலிருந்து கன்னங்கள் அழுத்துகின்றன. மூக்கு அடைத்து வாயால் மூச்சுவிடும் பிள்ளைக்கு நாக்கு கீழே இறங்கிவிடும். கன்னத்தின் அழுத்தத்துக்கு எதிர்ப்பு இல்லாமல் மேல்தாடை குறுகி, அண்ணம் கூடுபோல் உயர்ந்து, பற்களுக்கு இடம் போதாமல் போகும். இந்த வயதில் பெரும்பாலும் காரணம் மூக்கின் பின்புறம் வீங்கிய அடினாய்டு சதை, அல்லது ஒவ்வாமை.

பல்லை வரிசைப்படுத்த இணையத்தில் பார்த்து நீங்கள் வாங்கி மாட்டிவிடும் சிலிக்கோன் பல் அச்சை இன்றிரவே நிறுத்துங்கள். மூக்கடைத்த குழந்தையின் வாயையும் அடைப்பது ஆபத்து. யாரும் பரிசோதிக்காமல் பல்லைத் தள்ளும் எந்தக் கருவியையும் குழந்தையின் வாயில் வைக்கக்கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூக்கடைப்புச் சொட்டுமருந்தும் வேண்டாம்; நாள்கணக்கில் விட்டால் அடைப்பு இன்னும் கூடும்.

அவன் தூங்கும்போது சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். குறட்டை நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி தொடங்குகிறதா? நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்பியிருக்கிறதா? பகலில் தூங்கி வழிகிறானா? ஒன்று இருந்தாலும், கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். இல்லாவிட்டாலும் இந்த மாதத்துக்குள் காட்டிவிடுங்கள். மூக்கு திறந்த பிறகு பல் சீரமைப்பு மருத்துவரைப் பார்க்கலாம். குறுகிய அண்ணத்தை விரிக்க இந்த வயது நல்ல வயது.