கடலடியில் கார்பன்: ப்ராஜெக்டை எங்கே தொடங்குவது?

கேள்வி: எம்.எஸ்சி. புவி இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். பைத்தான் ஓரளவு வரும். கார்பன் டை ஆக்சைடை நிலத்தடியில் சேமிக்கும் துறையில் ஏஐ ப்ராஜெக்ட் செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ஸ்லைப்னரிலிருந்து. நார்வேயின் வடகடல் எரிவாயு வயல் அது. எரிவாயுவோடு கலந்து வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, கடல்தரைக்கு அடியிலுள்ள உட்சிரா மணற்பாறைக்குள் 1996இல் செலுத்தத் தொடங்கினார்கள்; ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வரை. அதற்கு முன், 1994இல் எடுத்த நில அதிர்வுத் தரவும் (ஒலியலைகளை அனுப்பி, எதிரொலியிலிருந்து பாறை அடுக்குகளைப் படமாக்குவது), பிறகு 2010 வரை எடுத்தவையும் சிஓ2 டேட்டாஷேர் தளத்தில் கிடைக்கின்றன.

இரண்டு ஆண்டுகளின் படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு ஒன்பது தட்டுகளாகப் பரவியிருக்கும். இடையே இருப்பவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரு மீட்டரே தடிமனுள்ள களிப்பாறைகள். 1994 படத்தில் அவை பிரிந்து தெரியவில்லை; 1999க்குள் வாயு அவற்றைக் கடந்து உச்சித் தட்டுக்கே போய்விட்டது. படத்தில் இல்லாததை எந்த நியூரல் நெட்வொர்க்கும் கற்றுத் தராது. ப்ராஜெக்ட் அறிக்கைகளில் பலர் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

ஏஐ உண்மையில் உதவுவது வேகத்தில். நில அதிர்வுப் படங்களில் பாறைப் பிளவுகளைக் கையால் குறிக்க வாரக்கணக்காகும். பயிற்சி பெற்ற நெட்வொர்க் சில மணி நேரத்தில் முதல் வரைவைத் தந்துவிடும். செலுத்தும்போது பாறைக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்ற கணிப்பில் இன்னும் பெரிய லாபம். பேரண்ட்ஸ் கடலின் ஸ்னோவிட் களத்தில் 2008இல் செலுத்தத் தொடங்கியபோது எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறி, 2011இல் வேறு பாறை அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று. ஒரு களத்துக்குப் பாறை அடுக்குகளின் ஆயிரக்கணக்கான கணினி மாதிரிகளை, ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க நேரம் போதாது. அதன் விடைகளில் பயிற்றுவித்த நெட்வொர்க் நொடிகளில் ஓட்டும். நூற்றுக்கணக்கான களங்களை அலசுவதற்கு இதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

ஒரு சிக்கலும் உண்டு. மணற்பாறையின் உவர்நீரில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கலந்தாலே அலைவேகம் சடாரென்று குறையும். அதற்குமேல் எவ்வளவு சேர்ந்தாலும் பெரிதாக மாறாது. ஆகவே நில அதிர்வு ‘இருக்கிறது’ என்று தெளிவாகச் சொல்லும், ‘எவ்வளவு’ என்பதில் தடுமாறும். ஈர்ப்புவிசை நிறையைப் பொறுத்தது என்பதால், ஸ்லைப்னரில் கடல்தரையில் அதையும் அளந்தது இதற்கு உதவுகிறது.

எனவே, வாயு இருக்கிறதா இல்லையா என்று வகைப்படுத்தும் ப்ராஜெக்டை விட்டுவிடுங்கள், அது எளிது. தட்டுகளின் தடிமனைப் பிழை வரம்போடு கணியுங்கள். செலுத்திய மொத்த டன் எவ்வளவு என்பது பதிவில் இருக்கிறது. உங்கள் கூட்டுத்தொகை அதோடு ஒத்துவராவிட்டால், நெட்வொர்க்கை மாற்றுவதற்கு முன், அலைவேகத்தை வாயுவின் அளவோடு இணைக்கும் பாறை இயற்பியல் சமன்பாடுகளைச் சரிபாருங்கள்.