சில நட்சத்திரங்களை "வேதியியல் ரீதியாக விசித்திரமானவை" என்கிறார்களே, அப்படி என்ன விசித்திரம்?

எனக்குப் பிடித்த உதாரணம் பாப்காக் நட்சத்திரம். பட்டியல் எண் எச்டி 215441. பல்லி விண்மீன் குழுவில் இருக்கிறது. பொலிவெண் 8.8 (எண் கூடக் கூட மங்கல்), வெறுங்கண்ணுக்கு எல்லை சுமார் 6 என்பதால் பைனாகுலர் வேண்டும். அதிலும் ஒரு மங்கலான நீலவெண் புள்ளிதான். காட்டினால் "இதுக்காகவா மாடிக்குக் கூப்பிட்ட?" என்று வீட்டில் கேட்பார்கள் (கேட்டார்கள்).

அந்த ஒளியை வானவில் போல நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒவ்வொரு தனிமமும் அதில் தன் அடையாளமாகச் சில கறுப்புக் கோடுகளை விடும். சிலிக்கான் கோடுகள் அளவுக்கு மீறி அழுத்தமாக இருக்கும், ஹீலியம் கோடுகள் மெலிந்திருக்கும். அதற்காக நட்சத்திரமே சிலிக்கான் உருண்டை என்று நினைக்க வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே வழக்கமான ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். விசித்திரம் மேல்தோலோடு சரி.

காரணம், அந்த மேல்தோல் கலங்காமல் இருப்பது. சூரியனின் வெளியடுக்கு உலைநீர் போலக் கொதித்துப் புரள்கிறது, எல்லாம் கலந்துவிடும். அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சூடான இந்த நட்சத்திரத்தின் மேற்பரப்பில் அந்தப் புரளல் இல்லை. போதாததற்கு, இந்த ரகச் சூடான நட்சத்திரங்கள் பல ஓரிரு நாளில் ஒரு சுற்று சுற்ற, இது ஒன்பதரை நாள் எடுத்துக்கொள்கிறது, அதனாலும் கலக்கம் குறைவு. கலக்காமல் வைத்த மோரில் தெளிவு தனியே நிற்குமே, அந்த மாதிரி இங்கேயும் பொருட்கள் பிரிகின்றன. ஒரே ஒரு வித்தியாசம்: கனமானதெல்லாம் அடியில் தங்குவதில்லை. சிலிக்கான் போன்ற அணுக்கள் உள்ளிருந்து வரும் ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், அந்த ஒளியே அவற்றை மேலே தள்ளுகிறது. ஹீலியத்துக்கு அந்தத் தள்ளுதல் போதாது, இறங்கிவிடுகிறது. 1970இல் வானியற்பியலாளர் ஜார்ஜ் மிஷோ தந்த விளக்கம் இது.

அப்புறம் காந்தம். 1960இல் வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் இதன் நிறமாலைக் கோடுகள் இரண்டு மூன்றாகப் பிளந்திருப்பதைக் கண்டார். வலுவான காந்தப்புலத்தில் கோடுகள் பிளக்கும் என்பது, அதைக் கண்டறிந்த இயற்பியலாளர் பீட்டர் சீமன் காலத்திலிருந்தே தெரியும். ஆனால் மற்ற பெரும்பாலான காந்த நட்சத்திரங்களில் பிளவு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. இங்கே கணக்குப் போட்டால் காந்தப்புலம் சுமார் 34,000 காஸ், இன்னொரு அலகில் சொன்னால் 3.4 டெஸ்லா. பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவுதான். ஆஸ்பத்திரியில் நம்மைப் படுக்கவைத்து உள்ளே தள்ளும் எம்ஆர்ஐ குழாயில் 1.5 அல்லது 3 டெஸ்லா இருக்கும். அந்தக் குழாய்க்குள் இருப்பதைவிட அதிகமான காந்தம், சூரியனைவிடப் பெரிய ஒரு நட்சத்திரத்தின் மேற்பரப்பு முழுவதும்! மேற்பரப்பை இப்படி அசையாமல் பிடித்துவைத்திருப்பதில் இந்தக் காந்தத்துக்கும் பங்கு உண்டு.

பார்க்க ஆசையிருந்தால் அக்டோபர், நவம்பர் முன்னிரவில் வடக்கே பாதி உயரத்தில் தேடுங்கள். நம் ஊரில் அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். மூன்று வருடம் முயன்றதில் எனக்கு வாய்த்தது ஒரே ஒரு இரவு.